டிஐ-89 டேட்டா எடிட்டரில் நிரல் சூத்திரம்: பூட்டு, அன்டெஃப், குறையும் ஒரு வரிசை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அண்ணனிடமிருந்து கைமாறி வந்த டிஐ-89 டைட்டானியம், படமும் வரையும் கால்குலேட்டர். இயற்பியல் லேபில் ஒரு பந்தை மேலிருந்து விட்டு, 0.1 விநாடிக்கு ஒரு முறை அது விழுந்த தூரத்தை அளந்திருக்கிறீர்கள். எண்களைக் கட்டம் கட்டமாக வைக்கும் டேட்டா எடிட்டரில் முதல் நிரலில் (மேலிருந்து கீழாக ஓடும் பத்தியில்) நேரம், இரண்டாவதில் தூரம். மூன்றாவதில் வேகம் வேண்டும். எக்செல் மாதிரி ஒரு செல்லில் ஃபார்முலா எழுதிக் கீழே இழுக்கப் பார்த்தால் இழுக்க எதுவுமில்லை. மேலே தலைப்பில் எழுதினால் நிரல் பூட்டிக்கொள்கிறது. வித்தியாசம் எடுக்கும் டெல்டாலிஸ்ட் போட்டால் ஒரு வரிசை குறைந்து, படம் வரையும்போது டைமென்ஷன் மிஸ்மேட்ச் (நீளம் பொருந்தவில்லை) என்று திட்டுகிறது. நிரலை நகர்த்தும் ஷிஃப்ட் போட்டால் முதல் செல்லில் அன்டெஃப், அதாவது ‘மதிப்பு இல்லை’ என்று வருகிறது. இதில் எது சரி, எது தப்பு?

எதுவுமே தப்பில்லை. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் எக்செல் கண்ணால் அதைப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

முதலில் ஒரு சொல் தகராறு. கட்டத்தில் மேலிருந்து கீழாக ஓடுவதைக் ‘காலம்’ என்று ஒலிப்படி எழுதினால், நேரத்தைச் சொல்கிறேனா என்று குழம்பும். அதுவும் இந்தக் கணக்கில் முதல் காலமே காலம்தான்! அதனால் பள்ளிக்கூட அணிக் கணக்கில் படித்த ‘நிரல்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். ப்ரோகிராம் என்ற பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். செயல்பாடுகளின் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். கருவியின் கேட்டலாக் விசையை அழுத்தி அந்த எழுத்துக்குப் போனால் பெரும்பாலானவை அங்கே இருக்கும். டெல்டாலிஸ்ட்டில் மட்டும் ‘டெல்டா’ என்பது Δ என்ற முக்கோணக் குறி.

எக்செல்லில் உயிர் செல்லில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்கென ஒரு ஃபார்முலாவை வைத்துக்கொள்ளும். டிஐ-89-ன் டேட்டா எடிட்டரில் செல்லுக்கு அந்த உரிமை கிடையாது. செல்லில் நீங்கள் 3*4 என்று தட்டினால், அது 12 என்று கணக்கிட்டு 12-ஐ வைத்துக்கொள்ளும், பெருக்கல் அங்கேயே மறந்துபோகும். உயிருள்ள சூத்திரத்துக்கு இடம் ஒன்றே ஒன்றுதான், நிரலின் தலை. சி1, சி2, சி3 என்று பெயர் போட்டிருக்கும் அந்தத் தலைப்புச் செல். அங்கே எழுதும் சூத்திரம் ஒரு எண்ணைத் தராது, ஒரு முழுப் பட்டியலைத் தரும். சி2 என்று எழுதினால் ‘இரண்டாம் நிரலில் உள்ள அத்தனை எண்களும் சேர்ந்து’ என்று பொருள். ‘இந்த வரிசையில் உள்ள சி2’ என்று சொல்ல வழியே கிடையாது. ‘மேல் வரிசை’, ‘கீழ் வரிசை’ என்று சொல்லவும் முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஷிஃப்ட் வருகிறது.

உங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். நேரம் 0 முதல் 0.6 வரை ஏழு அளவுகள். தூரம் மீட்டரில், சென்டிமீட்டர் வரை திருத்தமாக: 0, 0.05, 0.20, 0.44, 0.78, 1.23, 1.76.

நேரத்தைக் கையால் தட்ட வேண்டியதில்லை. சி1 நிரலில் ஏதாவது ஒரு செல்லில் நின்று எஃப்4 அழுத்துங்கள். கர்சர் தலைப்புக்குப் போய், கீழே உள்ள வரியில் ‘சி1=’ என்று வரும். அங்கே

சீக்(எக்ஸ்/10, எக்ஸ், 0, 6)

என்று தந்தால் ஏழு எண்களும் விழும். எக்ஸுக்கு 0 முதல் 6 வரை போட்டு எக்ஸ்/10-ஐ வரிசையாகத் தருவதுதான் சீக். சில கருவிகளில் இவை பின்னமாக, 1/10, 1/5 என்று வந்து நிற்கும். அது பிழையில்லை. மோடில் எக்ஸாக்ட்/அப்ராக்ஸ் என்பது ஆட்டோவில் இருந்தால், முழு எண்களை வகுக்கும்போது பின்னமாகவே வைத்துக்கொள்வது அதன் வழக்கம். லேப் கணக்குக்கு அதை அப்ராக்ஸிமேட் என்று மாற்றிவிடுங்கள், கண்ணுக்கும் நல்லது, ஓட்டமும் வேகம்.

சி2-ல் தூரத்தை மட்டும் கையால் தட்டுங்கள். இதற்குத் தலைப்புச் சூத்திரம் எதுவும் வேண்டாம். அளந்த எண் எப்போதும் தலைப்பில்லாத நிரலில் இருக்கட்டும், கணக்கிட்ட எண் தலைப்புள்ள நிரலில். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பூட்டு உங்களைத் தொந்தரவு செய்யாது. தலைப்புச் சூத்திரம் உள்ள நிரலில் எந்தச் செல்லையும் தனியாக மாற்ற முடியாது என்பதைக் காட்டத்தான் பூட்டுச் சின்னம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எஃப்4, கிளியர், என்டர் என்று தலைப்பை அழித்துவிட வேண்டும். சி1-க்கு மேலே இன்னொரு கட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? அதில் ‘நேரம்’ ‘தூரம்’ மாதிரிப் பெயர் எழுதலாம், ஆங்கிலத்தில்தான். ஆனால் அது வெறும் பெயர்ப்பலகை. சூத்திரத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது, சி1 என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது வேகம். ஷிஃப்ட்(சி2, −1) என்றால் இரண்டாம் நிரலை ஒரு படி கீழே தள்ளி ஒரு நகல். கடைசி எண் கீழே விழுந்து போய்விடும். மேலே காலியாகும் இடத்தில் வைக்க எண் எதுவும் இல்லாததால் அன்டெஃப் வரும். +1 என்றால் மேலே தள்ளும், அன்டெஃப் கடைசியில் வரும். எனவே

சி3 = (சி2 − ஷிஃப்ட்(சி2, −1)) / 0.1

என்றால் ஒவ்வொரு தூரத்திலிருந்தும் அதற்கு முந்தைய தூரம் கழிக்கப்படும். முதல் செல்லில் அன்டெஃப், பிறகு 0.5, 1.5, 2.4, 3.4, 4.5, 5.3. முதல் அளவுக்கு முந்தைய அளவு என்று ஒன்று இல்லை. இல்லாததிலிருந்து கழித்தால் விடை இல்லை என்பதே நேர்மையான பதில். அங்கே 0 வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

இங்கே பலர் கை வைக்கும் ஒரு பொறி: அந்த −1-ல் உள்ள கழித்தல் குறி. இந்தக் கருவிகளில் கழிக்கும் விசை வேறு, எதிர்மக்குறி விசை வேறு. அடைப்புக்குள் குறி போட்ட சின்ன விசைதான் எதிர்மம். காற்புள்ளிக்குப் பிறகு கழித்தல் விசையை அழுத்தினால் சின்டாக்ஸ் எரர். திரையில் இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும் என்பதால் எத்தனை முறை பார்த்தாலும் தப்பு கண்ணில் படாது.

டெல்டாலிஸ்ட் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. டெல்டாலிஸ்ட்(சி2) அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை மட்டும் தரும். ஏழு எண்களுக்கு நடுவே ஆறு இடைவெளிகள்தான், ஆகவே ஆறு எண்கள். வேலிக்கு ஏழு கம்பம் நட்டால் இடையில் ஆறு கண்ணிதானே. ஆறு எண்கள் உள்ள நிரலை ஏழு எண்கள் உள்ள சி1-க்கு எதிராகப் படம் போடச் சொன்னால் கருவி மறுக்கிறது. மறுப்பது நல்லது, ஏனென்றால் அடுத்த கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: இந்த வேகம் எந்த நேரத்துக்கு உரியது?

உங்கள் லேப் ரிப்போர்ட்டில் மதிப்பெண் போவதும் வருவதும் இந்த இடத்தில்தான். 0.1-லிருந்து 0.2 விநாடிக்குள் பந்து 0.15 மீட்டர் போயிருக்கிறது, சராசரி வேகம் 1.5. அதை 0.2 விநாடிக்கு எதிரே எழுதினால் (மேலே உள்ள ஷிஃப்ட் சூத்திரம் அதைத்தான் செய்கிறது) தாமதமாக எழுதுகிறீர்கள். 0.1-க்கு எதிரே எழுதினால் அவசரப்படுகிறீர்கள். முடுக்கம் மாறாமல் இருக்கும்போது சராசரி வேகம் இடைவெளியின் சரிநடுவில், 0.15 விநாடியில் இருந்த வேகத்துக்குச் சமம். நடுப்புள்ளியை இப்படிச் செய்யலாம்:

சி3 = டெல்டாலிஸ்ட்(சி2) / டெல்டாலிஸ்ட்(சி1)
சி4 = லெஃப்ட்(சி1, டிம்(சி1) − 1) + டெல்டாலிஸ்ட்(சி1) / 2

டிம் என்பது நிரலில் எத்தனை எண்கள் என்ற கணக்கு, இங்கே 7. லெஃப்ட் முதல் ஆறு நேரங்களை எடுக்கிறது, அதோடு பாதி இடைவெளியைக் கூட்டுகிறோம். 0.05, 0.15 என்று 0.55 வரை ஆறு எண்கள். இப்போது சி3-க்கும் சி4-க்கும் நீளம் ஒன்று, மிஸ்மேட்ச் ஒழிந்தது. 0.1 என்று கையால் எழுதாமல் டெல்டாலிஸ்ட்(சி1) என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. நாளை 0.05 விநாடிக்கு ஒரு முறை அளந்தால் சூத்திரத்தைத் தொட வேண்டாம்.

எஃப்5-ல் கால்க் திறந்து லின்ரெக் (புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோட்டைக் காண்பது), எக்ஸுக்குச் சி4, ஒய்க்குச் சி3 கொடுங்கள். சாய்வு 9.71, வெட்டுத்துண்டு 0.02. அதாவது பந்தை விட்ட கணத்தில் வேகம் ஏறத்தாழ பூஜ்யம், முடுக்கம் 9.71. இதே ஆறு வேகங்களை இடைவெளியின் முடிவு நேரத்துக்கு எதிரே வைத்தால் சாய்வு மாறாது, அதே 9.71. ஆனால் வெட்டுத்துண்டு −0.47 ஆகிவிடும். கையை விட்ட கணத்தில் பந்து மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லும். தொடக்க நேரத்துக்கு எதிரே வைத்தால் +0.50, நீங்கள் பந்தைக் கீழ்நோக்கி எறிந்ததாக அர்த்தம். சாய்வு சரியாக வந்துவிட்டதே என்று பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஷிஃப்ட்டை இன்னும் கெட்டிக்காரத்தனமாகவும் பயன்படுத்தலாம். முந்தையதையும் அடுத்ததையும் எடுத்து நடுவில் உள்ள அளவுக்கு வேகம் காண்பது:

சி5 = (ஷிஃப்ட்(சி2, 1) − ஷிஃப்ட்(சி2, −1)) / (ஷிஃப்ட்(சி1, 1) − ஷிஃப்ட்(சி1, −1))

இப்போது இரண்டு முனையிலும் அன்டெஃப், நடுவில் 1.0, 1.95, 2.9, 3.95, 4.9. இவை 0.1 முதல் 0.5 வரையான அசல் நேரங்களுக்கே உரியவை. நடுப்புள்ளிக்கென்று தனி நிரல் வேண்டாம். ஆனால் அன்டெஃப் உள்ள நிரலை அப்படியே பகுப்பாய்வுக்கு அனுப்பாதீர்கள், முனைகளை வெட்டிவிடுங்கள்:

சி6 = மிட்(சி5, 2, டிம்(சி5) − 2)
சி7 = மிட்(சி1, 2, டிம்(சி1) − 2)

மிட் என்பது இரண்டாவதிலிருந்து தொடங்கி இத்தனை எண்களை எடு என்று சொல்வது. சி7, சி6-க்கு லின்ரெக் போட்டால் 9.8, வெட்டுத்துண்டு 0. இதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். சென்டிமீட்டருக்குத் திருத்திய ஏழு எண்களில் இவ்வளவு சுத்தமாக வந்தது அதிர்ஷ்டம். அடுத்த முறை 9.6 வரலாம், 10.1 வரலாம்.

முடுக்கத்தை நேரடியாக இன்னொரு முறை கழித்து எடுக்கலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள், ஒரு பாடம் இருக்கிறது. சி8 = டெல்டாலிஸ்ட்(சி3) / 0.1 போட்டால் வருவது 10, 9, 10, 11, 8. புவியீர்ப்பு அரை விநாடிக்குள் இப்படித் தள்ளாடாது. அரை சென்டிமீட்டர் திருத்தப் பிழையை இரண்டு முறை கழித்து, 0.1-ஆல் இரண்டு முறை வகுத்ததால் அது இப்படிப் பூதாகரமாகிறது. ஒவ்வொரு தூரத்திலும் 0.005 மீட்டர் பிழை இருக்கலாமென்றால், மோசமான நிலையில் முடுக்கத்தில் 2 வரை பிழை ஏறலாம். சரி, ஐந்தின் சராசரி எடுத்தால் சரியாகிவிடாதா? 9.6 வரும். ஆனால் அந்தச் சராசரியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வித்தியாசங்களைக் கூட்டும்போது நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது கடைசி வேகம் கழித்தல் முதல் வேகம். 5.3 − 0.5, அதை 0.5 விநாடியால் வகுத்தால் அதே 9.6. நடுவில் உழைத்து எடுத்த நான்கு வேகங்களுக்கும் அந்த விடையில் பங்கே இல்லை. லின்ரெக்கில் எல்லாப் புள்ளிக்கும் குரல் உண்டு, அதனால்தான் அதை நம்பச் சொல்கிறேன். கழிக்காமலே போக வேண்டுமானால் சி1, சி2-க்கு நேராகக் குவாட்ரெக் (நேர்கோட்டுக்குப் பதில் இருபடி வளைவைப் பொருத்துவது) போடுங்கள். இருபடி உறுப்பின் கெழு 4.88 வரும். இரட்டிப்பாக்கினால் 9.76.

கழித்தலுக்கு எதிர்ப்பக்கம் கியூம்சம், அதாவது ஓடும் கூட்டுத்தொகை. கியூம்சம்(சி3 * 0.1) என்று ஒரு நிரலில் போட்டால் 0.05, 0.20, 0.44 என்று உங்கள் தூரங்களே திரும்ப வரும், முதல் பூஜ்யம் மட்டும் இருக்காது. சூத்திரம் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

சில்லறை விஷயங்கள். தலைப்பை மாற்றியும் எண்கள் மாறவில்லையென்றால் எஃப்1-ல் ஃபார்மட் திறந்து ஆட்டோ-கால்குலேட் ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கருவி கைமாறி வரும்போது முந்தைய சொந்தக்காரர் அணைத்து வைத்திருப்பது சகஜம். நிரலின் சூத்திரத்தில் அதே நிரலின் பெயரைப் போட்டால் சர்க்குலர் டெஃபனிஷன் பிழை. சைன், காஸ் எழுதினால் ரேடியனா டிகிரியா என்று மோடில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோம் திரையில் சி1 என்ற பெயரில் எதையும் சேமிக்க முயலாதீர்கள். சி1 முதல் சி99 வரை எடிட்டருக்கென்று ஒதுக்கப்பட்ட பெயர்கள். நிரல்களின் உச்சவரம்பும் அந்த 99-தான், ஒரு நிரலுக்கு 999 எண்கள் வரை.

உங்கள் வகுப்புத் தோழர்கள் டிஐ-84 பிளஸ் வைத்திருப்பார்கள், அவர்கள் சொல்லும் வழி உங்களுக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே கம்பெனி, ஆனால் வேறு வேறு வம்சம். 1995-ல் வந்த டிஐ-92, மோட்டோரோலா 68000 சிப்பில் ஓடியது. 1998-ல் வந்த டிஐ-89-ம், 2004-ல் வந்த உங்கள் டைட்டானியமும் அதன் வாரிசுகள். 84 பிளஸ் 1996-ன் டிஐ-83 வழியில், இசட்80 சிப்பில் வந்தது. சிங்கப்பூரில் ஹெச்2 கணக்குக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் பாடம்) மாணவர்கள் ஜிசி, அதாவது கிராஃபிங் கால்குலேட்டர் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவதும் பெரும்பாலும் இந்த 84 வகைதான். 89-ஐப் போல இயற்கணிதமே செய்யும் கருவிகளுக்கு அங்கே பரீட்சையில் இடமில்லை. லாக் டேபிளோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்த என் போன்றவர்களுக்கு இரண்டுமே ஆடம்பரம்தான்.

84-ல் நிரல்கள் எல்1 முதல் எல்6 வரை. ஸ்டாட், எடிட் போய் எல்3 பெயரின் மேலேயே கர்சரை ஏற்றிச் சூத்திரம் எழுத வேண்டும். இங்கே மேற்கோள் குறியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெறுமனே எல்2*100 என்று எழுதினால் ஒரு முறை கணக்கிட்டு எண்களைப் போட்டுவிட்டு மறந்துவிடும், பிறகு எல்2-ஐ மாற்றினால் எல்3 அசையாது. அதையே மேற்கோள் குறிக்குள் எழுதினால் சூத்திரம் ஒட்டிக்கொள்ளும், பெயருக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வரும். 89-ன் பூட்டு கறார். 84-ன் பூட்டு இளகிய மனசு: அந்த நிரலில் ஒரு செல்லைத் திருத்தினாலே சூத்திரம் கழன்று விழுந்துவிடும். தெரியாமல் ஒரு எண்ணைத் தொட்டுவிட்டு, மீதி ஏன் மாறவில்லை என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் அங்கே இல்லை, டெல்டாலிஸ்ட்டும் கியூம்சமும் உண்டு. நடுநேரத்துக்கு

சீக்((எல்1(எக்ஸ்) + எல்1(எக்ஸ்+1)) / 2, எக்ஸ், 1, டிம்(எல்1) − 1)

என்று எழுதலாம். பெயரின் மேல் நின்று டெல் அழுத்தினால் நிரலே காணாமல் போகும். பதற வேண்டாம், எண்கள் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. செட்அப்எடிட்டர் கொடுத்தால் ஆறு நிரலும் திரும்பி வந்து நிற்கும். காலி செய்ய வேண்டிய விசை கிளியர், டெல் அல்ல.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் சி2-ல் 1.23-ஐ வேண்டுமென்றே 1.32 என்று மாற்றிப் பாருங்கள். நான் படித்த காலத்தில் இப்படி இரண்டு இலக்கம் இடம் மாறியதைக் கண்டுபிடிக்காமல் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். தூர நிரலை மட்டும் பார்த்தால் 0.78, 1.32, 1.76, ஏறிக்கொண்டுதான் போகிறது, எதுவும் உறுத்தாது. சி3-ஐப் பாருங்கள்: 3.4, 5.4, 4.4. யாரும் பிடிக்காமல் விழுந்துகொண்டிருக்கும் பந்து, தரையைத் தொடும் முன்பே வேகம் குறைகிறது. உடனே சி2-க்குப் போய் 1.23 என்று திருத்துங்கள், தலைப்புள்ள நிரல்கள் எல்லாம் தானாகப் பழைய நிலைக்கு வரும்.